கீழே இருபத்து நாலு

மாத்திரை போட்டு நாலு நிமிடம் ஆகிறது. இன்னும் ஐம்பத்தாறு நிமிடத்துக்கு வயிற்றுக்குள் எதுவும் போகக்கூடாது, காப்பி கூடாது, ஒரு வாய் பால் கூடாது. தைராய்டு மாத்திரை அப்படித்தான், அதற்குத் தனியாக இருக்கவேண்டும், வேறு எதோடும் சேராது. நூறு மைக்ரோகிராம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. மாத்திரையின் எடை அதுவா என்று ஒருநாள் கேட்டதற்கு ரோகிணி சிரித்தாள். மருந்து மட்டும்தான் நூறு மைக்ரோகிராமாம், மிச்சமெல்லாம் நாம் விரலால் பிடிப்பதற்காகச் சேர்த்த மாவாம். மணி ஐந்தரை தாண்டிவிட்டது. விளக்கேற்றியாயிற்று. இவர் நாலேகாலுக்கே டவுன் பஸ்ஸின் முதல் டிரிப்பை எடுக்கப் போய்விட்டார். ரோகிணி உள்ளறையில் தூங்குகிறாள். ஆறரைக்கு எழுப்பச் சொல்லியிருக்கிறாள், பத்து மணிக்குப் பரீட்சை. பி.எஸ்ஸி. இயற்பியலில் கடைசிப் பரீட்சை, அணுவும் அதற்குள் இருக்கும் துகள்களும். இந்த ஒரு மணி நேரம்தான் மூன்று வருடமாக நான் அவளுக்கு வாசிக்கும் நேரம். என் மகளுக்குக் கண் தெரியாது. அச்சடித்த புத்தகம் என்றால் அவளுடைய போனே வாசித்துவிடும், ஆனால் எஸ்தர் மேடம் கையால் எழுதித் தருகிற நோட்ஸை, அதுவும் மங்கலாக ஜெராக்ஸ் எடுத்ததை, எந்தப் போனுக்கும் வாசிக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், பொருள் தெரியாது, எழுத்துத் தெரியும். விளக்கடியில் உட்கார்ந்து, அவள் போனை ஸ்டூலில் வைத்து, ஒவ்வொரு தாளாக வாசித்துப் பதிவேன். அவள் பிறகு அதைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வாள். இன்றைக்குப் பதிய வேண்டியது எதுவும் இல்லை. சும்மா உட்காரப் பழக்கமில்லாமல்தான் பதினாலாம் தாளைக் கையில் எடுத்தேன். எடுக்காமல் இருந்திருக்கலாம்.

மூன்றாவது வரி. ஒரு ஜி.இ.வி. என்பது ஒன்று புள்ளி ஏழு எட்டு, பெருக்கல் பத்து, அந்தப் பத்தின் தலைமேல் சின்னதாக ஒரு கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக இருபத்து நாலு, பிறகு கிராம். வாய்க்குள்ளேயே வாசித்துக்கொண்டு வந்தவள் அந்தச் சின்னக் கோட்டில் நின்றுவிட்டேன். இதை அன்றைக்குச் சொன்னேனா? அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மாசி மாதத்து ரோகிணி நட்சத்திரம், அவளுடைய நட்சத்திரப் பிறந்தநாள். அது நன்றாக நினைவிருக்கிறது, பச்சைப்பயறுப் பாயசத்துக்கு வெல்லம் நனையப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். சொன்னேனா? அந்தக் கோட்டுக்கு மைனஸ் என்று பெயர். எனக்கு விளக்கு முன்னால் அந்த வார்த்தை வராது. அரிசி தீர்ந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லமாட்டோம், அரிசி வாங்கணும் என்போம். விளக்கை அணை என்று சொல்லமாட்டோம், குளிர வை என்போம். பஸ் எடுக்கப் போகிறவர் வர்றேன் என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். அப்படியிருக்க, விடிந்ததும் விளக்கடியில் உட்கார்ந்து, படிக்கிற பிள்ளையின் காதுக்கு, மைனஸ் மைனஸ் என்று எத்தனை தரம் சொல்வது? முதல் வருடமே அவளிடம் கேட்டுக்கொண்டேன். "சரிம்மா, நீ கீழேன்னு சொல்லு, நான் மைனஸ்னு புரிஞ்சுக்கிறேன். கோடு இல்லாம சும்மா இருந்தா மேலேன்னு சொல்லு" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்குள் அதுதான். பத்து, மேலே இருபத்து மூணு. பத்து, கீழே இருபத்து நாலு. காலேஜில் ஒருநாள் கேள்விக்குப் பதிலாக இவள் வாய் தவறிக் கீழே இருபத்து நாலு என்று சொல்ல, எஸ்தர் மேடம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்களாம், யார் கீழே என்று. வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கீழே என்று சொல்லவும் மனம் வரவில்லை. பிறந்தநாள் அதுவுமாகக் கீழே கீழே என்று பிள்ளை காதில் ஓதுவானேன், இன்றைக்கு ஒருநாள் அதை விட்டுவிட்டு வாசிப்போம், நாளைக்கு அந்தத் தாளை மட்டும் திரும்பப் பதிவோம் என்று நினைத்தேன். நினைத்தது நிச்சயம். நினைத்தபடி விட்டேனா, விட்டதைச் சனிக்கிழமை திரும்பப் பதிந்தேனா, அதுதான் தெரியவில்லை. சனிக்கிழமை என்ன செய்தேன்? சனிக்கிழமை கம்பெனியில் ஓவர் டைம். மசாலா பாக்கெட் போடும் கம்பெனியில் இருக்கிறேன், அன்றைக்கு மல்லித்தூள் லோடு ஏற்றினார்கள், தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் சிவந்து வந்து படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பதினைந்தாம் தாள் வாசித்தேன். பதினைந்தாம் தாள் என்றால் பதினாலு முடிந்தது என்று அர்த்தம். முடிந்ததா? நான் எப்பவும் அடையாளம் போட்டு வைப்பேன், திரும்ப வாசித்த தாளின் மூலையில் ஒரு டிக். இதில் டிக் இல்லை. விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்க்கிறேன், பென்சில் தடம்கூட இல்லை. டிக் போட மறந்திருக்கலாம். மறக்கக்கூடியவள்தான். கேஸை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள், வந்து பார்த்தால் மூடியிருக்கும், ஒவ்வொரு முறையும் மூடியிருக்கும். அதுபோல இதுவும் சொல்லியிருப்பேன். ஆனால் கேஸைத் திரும்பி வந்து பார்க்க முடிகிறது.

பார்க்க முடியாதா என்ன, போனில் இருக்கிறது, போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். எழுந்து உள்ளறை வாசல் வரைக்கும் போனேன். ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள், போன் கன்னத்துக்கு அடியில், ஒயர் காதில். ஒரு மணி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள், பாதியில் அப்படியே தூங்கியிருக்கிறாள். எடுத்தால் விழிப்பாள், அவள் தூக்கம் இலைத் தூக்கம், பக்கத்தில் மூச்சு மாறினாலே எழுந்துவிடுவாள். என்னுடையது பட்டன் போன், அதில் எதுவும் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பதிமூன்று நிமிடம். அவள் காதுக்குள் இப்போதுகூட நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேனோ என்னவோ, தூங்குகிற பிள்ளைக்குத் தப்புத் தப்பாக. எழுப்பிச் சொல்லிவிட்டால் என்ன? சொல்லலாம். ஆனால் பரீட்சைக்கு முன்னால் குழப்பக்கூடாது, அது எல்லோருக்கும் தெரிந்தது. நான் சரியாகவே பதிந்திருந்து, இப்போது போய் அங்கே ஒரு கீழே சேர்த்துக்கொள் என்று சொன்னால், இருக்கிற கீழேயோடு இன்னொன்று சேர்ந்து மேலே ஆகிவிடுமே. இரண்டு மைனஸ் பிளஸ் ஆகும், அது மூன்றாம் தாளில் வருகிறது. சொல்லாமல் விட்டால்? இந்த வரி தப்பென்றால் அதற்குப் பிறகு வருகிற கணக்கு அத்தனையும் தப்பு. இந்த மாற்றுகிற கணக்கு கட்டாயம் கேட்பார்கள் என்று மேடம் சொல்லியிருக்கிறார்கள், ஒரு மைக்ரோகிராம் தூசியின் எடையை ஜி.இ.வி.யில் சொல், ஒரு புரோட்டானின் எடையைக் கிராமில் சொல் என்று. கேள்வியை வாசித்து, இவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு பிள்ளையைப் போட்டிருக்கிறார்கள். அது இவள் சொன்னதை அப்படியே எழுதும், தப்பென்றால் தப்பையும்.

இந்த ஜி.இ.வி. எனக்குப் புரியவேயில்லை. எடை என்றால் எனக்குக் கை தெரியும். ஐம்பது கிராம் மிளகுத்தூளை மெஷினில் வைக்காமலே அள்ளிப் போடுவேன், ஒரு கிராம் முன்னே பின்னே இருக்கும். "உன் கம்பெனி வாசல்ல லாரி ஏறி எடை போடுற மேடை இருக்குல்ல, அதுல ஒரே ஒரு கிராம்பை வச்சா என்னம்மா காட்டும்?" என்று கேட்டாள் ரோகிணி. ஒண்ணும் காட்டாது என்றேன். "அதுதான். அணுவுக்குள்ள இருக்கிறதுக்குக் கிராம்ங்கிறது லாரி மேடை. அதனால அதுக்குன்னு தனியா ஒரு எடைக்கல்லு." கல்லை எதில் செய்வார்கள் என்றேன். "கல்லே இல்லம்மா. அது அத்தனையும் அப்படியே சக்தியா மாறினா எவ்வளவு வருமோ, அதைத்தான் அதோட எடைன்னு சொல்லுவாங்க." எரியணுமா என்று கேட்டேன். "எரியெல்லாம் வேண்டாம். மாறினா எவ்வளவுன்னு மட்டும்." யாரையும் எதையும் எரிக்காமல் இருக்கும்போதே இதற்குள் இவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். நல்லதுதான் என்று நினைத்தேன். மனுஷர்களுக்கு அப்படி யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. அட்டையில் ஒன்று போட்டிருக்கும், மேலே கொஞ்சம் மாவு இருக்கும். என் தொண்டையில் இப்போது அந்த நூறு மைக்ரோகிராம் எங்கே இருக்கிறது, இறங்கிவிட்டதா, இல்லை நான் விழுங்கும்போது நாக்கடியில் ஒட்டிக்கொண்டுவிட்டதா, நாக்கைச் சுழற்றிப் பார்க்கிறேன், இல்லை. இதைச் சில நாள் விட்டால் எனக்குக் கை கால் ஓடாது. அவ்வளவு சின்னது, அது இல்லையென்றால் ஒரு மனுஷி முழுசாகச் சோர்ந்துபோகிறாள். அப்படியென்றால் ஒரு சின்னக் கோடு இல்லையென்றால்.

இவள் பிறந்தபோது ஆயிரத்து நூறு கிராம். ஏழாம் மாதம் முடியவில்லை, பாதி வளர்ந்த பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். முதல் வாரம் எடை இறங்கி ஆயிரத்துக்கு வந்தது. அப்போதுதான் எனக்கு எண் என்றால் பயம் வந்தது என்று நினைக்கிறேன். காலையில் நர்ஸ் எடை போட்டுவிட்டு வரும்போது அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். இருபது கிராம் கூடியிருக்கு என்பாள், எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம். பின்னால் கம்பெனியில் சேர்ந்த புதிதில் யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கிலோ மிளகாய்த்தூள் பாக்கெட் ஒன்றும் நூறு கிராம் பாக்கெட் ஒன்றும் எடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். இவ்வளவுதானா, இதற்கா இவ்வளவு உயிர் என்று. சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். "என்னக்கா, பாக்கெட்டுக்குத் தாலாட்டா?" என்றார். லீக் இருக்கான்னு பார்த்தேன் சார் என்றேன். இருபத்தாறாம் நாள் ஆயிரத்து நானூறு கிராம் ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது நர்ஸ் ஒரு சீட்டுக் கொடுத்தாள். முப்பதாம் நாள் கண் டாக்டரிடம் காட்டணும், சீக்கிரம் பிறந்த பிள்ளைக்குக் கண்ணுக்குப் பின்னால் நரம்பு வளர்ச்சி தாறுமாறாக இருக்கும், மறந்துடாதீங்க என்றாள். மறக்கவில்லை. அதுதான். மறந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். முப்பதாம் நாள் காலையில் இவர் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "கனி, போயிட்டு வந்துருவமா?" என்றார். நான்தான், வேறு யாரும் இல்லை, நான்தான் சொன்னேன். நாற்பது கழியட்டும், இந்தப் பிஞ்சை பஸ்ஸில் காற்றில் கொண்டுபோகவேண்டாம், நாற்பது கழிந்து போகலாம் என்று. அதற்குள் ஏதோ ஆகிவிடும் என்று பயந்தேன், வெளியே போனால் ஆகிவிடும் என்று. உள்ளே இருக்கும்போது ஆகும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாற்பத்தோராம் நாள் போனோம். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்து நாளைக்கு முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இதை ரோகிணியிடம் சொன்னதில்லை. இருபத்தொரு வருடம். அவள் கேட்டால், ஆஸ்பத்திரியில் இருந்து வந்தோம், நாற்பத்தோராம் நாள் கண்ணுக்குக் காட்டினோம், அதற்குள் கை மீறிவிட்டது என்பேன். அவள் அப்பா சொந்தக்காரர்களிடம் அந்தக் காலத்தில் யாருக்கு இதெல்லாம் தெரியும் என்று சொல்லிவிடுவார், என்னைப் பார்க்காமல் சொல்வார். நான் பிள்ளையைப் பாப்பா என்று கூப்பிடுவேன், பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். கண்ணு என்று கூப்பிட எனக்கு வாய் வராது, தெருவில் வேறு யாராவது அவரவர் பிள்ளையை அப்படிக் கூப்பிட்டால்கூட முதுகில் தட்டின மாதிரி இருக்கும். இன்றைக்கு எதற்கு இதெல்லாம்? பதினாலாம் தாளுக்கும் அந்தச் சீட்டுக்கும் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டிலும் நான் நல்லதற்கு என்று ஒன்றைத் தள்ளி வைத்தேன். நாளைக்கு, நாற்பது கழிந்து, பிறந்தநாள் முடிந்து. கெட்டதை வாயால் சொல்லாவிட்டால் வராது என்று நினைக்கிற ஆள் நான். நான் சொல்லாவிட்டாலும் அந்தக் கோடு தாளில் இருக்கத்தானே செய்கிறது. முப்பது நிமிடம் ஆகிவிட்டது. பால் பாக்கெட் வந்து கேட்டில் தொங்குகிறது, பூனை வருவதற்குள் எடுக்கவேண்டும். எடுத்து வந்தேன். பாலை அடுப்பில் வைத்தேன், வைத்துவிட்டு எதற்கு வைத்தேன் என்று அணைத்தேன். இல்லை, சொல்லவேண்டும். சொன்னால் குழம்புவாள், குழம்பட்டும், நாலு மணி நேரம் இருக்கிறது, தெளிந்துகொள்வாள். இல்லை, தூங்கட்டும். அவளுக்கு முதல் வகுப்பு வந்தால் மதுரையில் எம்.எஸ்ஸி. இடம் கிடைக்கும் என்று மேடம் சொல்லியிருக்கிறார்கள். மதுரைக்குப் போனால் அங்கே யார் வாசிப்பார்கள்? சீச்சீ, இவள் தோற்கவேண்டும் என்றா நான் நினைக்கிறேன். இல்லை. இல்லவே இல்லை. ஒருவேளை வாய் அதனால்தான் அந்தக் கோட்டை விழுங்கியதோ? இல்லை. வெல்லம் நனையப் போட்டுவிட்டு வந்தேன், நட்சத்திரம், வெள்ளிக்கிழமை, அவ்வளவுதான்.

ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு எழுந்து போய் அவள் தோளைத் தொட்டேன். தொடுவதற்கு முன்னாலேயே விழித்துவிட்டாள்.

"மணி ஆறரை ஆயிடுச்சா?"

"ஆறுதான். ஒண்ணு சொல்லணும் பாப்பா. பயப்படாதே."

"நீ பயப்படாதேன்னு சொன்னாத்தான் எனக்குப் பயமா இருக்கு. என்னாச்சு, அப்பாவுக்கு ஏதாவதா?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்லை. பதினாலாம் தாள். மூணாவது வரி. ஒரு ஜி.இ.வி.க்கு எத்தனை கிராம்னு வருமே, அதில கீழே விட்டுட்டேன்னு நினைக்கிறேன். பிறந்தநாள்னு விட்டேன். சனிக்கிழமை சேர்க்கணும்னு இருந்தேன்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். காதிலிருந்த ஒயரை எடுத்துச் சுருட்டினாள், நிதானமாக. பிறகுதான் தோள் குலுங்குவது தெரிந்தது, சிரிக்கிறாள்.

"விட்டுட்டேதான்" என்றாள். "அன்னைக்கே தெரியும். உன் கணக்குல ஒரு புரோட்டானுக்கு எடை போட்டேன். உலகத்துல இருக்கிற கடல் தண்ணி எல்லாத்தையும் சேர்த்தாலும் அதைவிடக் கனமா வந்துச்சு. ஒரு புரோட்டான்மா, ஒண்ணே ஒண்ணு. தனியாப் படுத்துக்கிட்டு அப்படிச் சிரிச்சேன்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ முதல் தாள்லேருந்து எல்லாத்தையும் திரும்ப வாசிக்கிறேன்னு உட்காருவ. உன்னை எனக்குத் தெரியாதா? வா, தலையைப் பின்னி விடு, எழுந்தது எழுந்தாச்சு."

சீப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் கட்டிலில் உட்கார்ந்தேன். சிக்கெடுப்பதுபோல மெதுவாக வாரினேன். கடலெல்லாம் சேர்ந்த கனம். இரண்டு மாதமாக அவள் காதுக்குள் அதை வைத்திருந்திருக்கிறேன், அவள் சிரித்துவிட்டுச் சரிசெய்துகொண்டு எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். எனக்கு ஆறுதலாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"கணக்குப் போட்டெல்லாம் பார்க்கவே வேண்டாம்மா" என்றாள், முகத்தைத் திருப்பாமல். "கேட்கும்போதே தெரிஞ்சுது. பத்துன்னு சொல்லிட்டு ஒரு மூச்சு விட்ட. அப்புறம்தான் இருபத்து நாலு. மத்த எந்த இடத்துலயும் அந்த மூச்சு இல்லை. எதையாவது முழுங்கினா நீ அங்க ஒரு மூச்சு விடுவ."

"விடுறேனா?"

"ரொம்ப வருஷமா விடுற. ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்தோம்னு சொல்லுவ. ஒரு மூச்சு. அப்புறம் நாப்பத்தோராம் நாள்."

பின்னல் பாதியில் நின்றது. மூன்று பிரியும் என் கையில் இருந்தன, எது எதற்கு மேலே போகவேண்டும் என்று மறந்துவிட்டது. முகத்துக்கு முகம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன், பிறகு அது எனக்கு மட்டும்தான் என்பதும் தோன்றியது.

"சாயங்காலம் சொல்றேன்" என்றேன். "பரீட்சை முடியட்டும்."

"மூணு மணி நேரம் அதையா நினைச்சுக்கிட்டு உட்காரச் சொல்ற? ஏதோ இருக்குன்னு ஆயிடுச்சு. தப்பாச் சொன்னா நானே கண்டுபிடிச்சுக்குவேன்மா. சொல்லாம விட்டா என்ன பண்றது?"

சொன்னேன். நர்ஸ் கொடுத்த சீட்டு, முப்பதாம் நாள், அப்பா சட்டை போட்டுக்கொண்டு நின்றது, நாற்பது கழியட்டும் என்று நான் சொன்னது, பத்து நாள் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னது. கதையாகச் சொல்ல வரவில்லை, தாளில் இருப்பதை வாசிப்பதுபோல ஒவ்வொன்றாகத்தான் வந்தது. இத்தனை வருடம் சுமந்தது, சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் அசையவில்லை. கழுத்து நிமிர்ந்திருந்தது. அடுத்த தெருவில் யாரோ தண்ணீர் மோட்டார் போட்டார்கள்.

"அப்பா கூப்பிட்டாரா?" என்றாள்.

"கூப்பிட்டார். நான்தான் வேண்டாம்னேன்."

"பயந்துட்டியா?"

"ஆமா."

"எனக்குக் கோபம் வரலாம்" என்றாள். "இப்ப வரலை. வந்தா சொல்றேன், அப்ப நீ ஓடக்கூடாது."

"ஓடமாட்டேன்."

நான் பின்னலைப் பிரித்து முதலிலிருந்து எடுத்தேன். முதுகில் கை பட்டதும் கொஞ்சம் என் பக்கம் சாய்ந்தாள், சீப்புக்குச் சாய்ந்தாளா எனக்குச் சாய்ந்தாளா தெரியவில்லை.

"வீட்டுக்கு வரும்போது நான் எத்தனை கிராம்?"

"ஆயிரத்து நானூறு."

"கரெக்டாவா?"

"கரெக்டா. நான் மறப்பேனா?"

விரல்களை மடக்கி மடக்கி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டாள். மனக்கணக்குப் போடும்போது அப்படித்தான் செய்வாள், சின்ன வயதிலிருந்தே. "ஒரு கிராமுக்கு அஞ்சு புள்ளி ஆறு ஒண்ணு, மேலே இருபத்து மூணு. அப்ப நான் ஏழு புள்ளி எட்டு அஞ்சு, மேலே இருபத்தாறு ஜி.இ.வி. இருந்திருக்கேன்."

"அது நிறையவா பாப்பா, குறைச்சலா?"

"நிறையம்மா. ஏழு எழுதி, அதுக்குப் பின்னால இருபத்தாறு இலக்கம்." பிறகு கையைப் பின்னால் நீட்டி, பின்னலைப் பிடித்திருந்த என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். "வீட்டுக்கு வந்ததிலேருந்து அந்தப் பதினஞ்சு நாளும் நீ என்னை நெஞ்சைவிட்டு இறக்கவே இல்லைன்னு அப்பா சொல்லுவாரு. அவ்வளவையும் தூக்கிக்கிட்டே இருந்தியே, கை வலிக்கலையா?"

இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. வலிச்சது என்றேன்.